மாமியின் விரதமும் பாறைப் பாதையும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடம், சுவிஸின் தெற்கே லுகானோ ஏரிக்கரை. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நானும், எனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவரும், அவருடைய அம்மா அப்பாவும் வடக்கே பாடன் நகரிலிருந்து காரில் அங்கே போனோம்.

2. மாமாவுக்கு முழங்கால் நோ. அதனால் அவரும் மகனும் காரிலேயே அடுத்த கிராமமான கந்திரியாவுக்குப் போய்க் காத்திருப்பது என்று முடிவானது.

3. மாமியும் நானும் ஏரிக்கரைப் பாதையால் நடந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

4. பாதி வழியில், தண்ணீருக்கு இறங்கும் படிகளுக்காகக் கம்பிவேலி விடுபட்டிருந்த இடத்தை நோக்கி மாமி திரும்பி நடந்தார்.

5. நான் அவருடைய குளிர் ஜாக்கெட்டைப் பிடித்தேன்.

நான் ரயில் சமிக்ஞைகளைப் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். ஏதாவது பிழையானால் எங்கள் வேலையிடத்தில் இப்படித்தான் எழுதச் சொல்வார்கள்: முதலில் நடந்தது, பிறகு காரணம். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்ல இலக்கங்கள் போதாது.

மாமியோடு நான் தனியாக இருந்தது அன்றுதான் முதல் தடவை. நிச்சயதார்த்தம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இரண்டு பேரும் மிகவும் கவனமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். நான் மனதுக்குள் சில பேச்சுப் பொருள்களைக்கூட ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்: சமையல், கோயில், கலியாண மண்டபம், குளிர். அவரும் அப்படி ஏதோ ஆயத்தம் செய்துகொண்டு வந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நல்லவேளை, அந்தப் பாதையிலிருந்த மாளிகைகள் எங்களுக்குக் கைகொடுத்தன. ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் பழைய காலத்துப் பெரிய வீடுகள். இரும்புக் கதவுகள், பச்சை யன்னல் பலகைகள், பனை போன்ற மரங்கள் நிற்கும் தோட்டங்கள். இலையெல்லாம் கொட்டிய மரங்களில் காக்கி எனப்படும் தக்காளி போன்ற பழங்கள் மட்டும் செம்மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மாமி ஒரு வீட்டின் முன் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு யன்னல். உதெல்லாத்தையும் ஆர் பிள்ளை துடைக்கிறது?"

"அதுக்கு ஆக்களை வைச்சிருப்பினம் மாமி."

"ஓம், வைச்சிருப்பினம். அந்த ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹொட்டேலில் அறைகள் துப்புரவாக்கியவர் அவர். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்புப் போட்டுக்கொண்டே நடந்தார். எது தூசி பிடிக்கும் வீடு, எந்தப் படிக்கட்டு இடுப்பை முறிக்கும், எந்தப் பளிங்கில் கறை போகாது என்றெல்லாம் சொன்னார். என் ஆயத்தப் பட்டியல் தேவைப்படவேயில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மாளிகைகள் முடிந்ததும் பாதை ஒடுங்கியது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கம்பிவேலி, அதற்குக் கீழே ஆழமான தண்ணீர். அங்கேதான் மாமியின் கதை குறைந்தது. அழகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவருடைய நெற்றியைப் பார்த்தேன். குளிர்காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே வியர்த்துக் கொட்டியிருந்தது.

"மாமி, கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவமோ?"

"இல்லை இல்லை. பஸ் போயிடும்."

எங்களுக்கு ஒரு பஸ்ஸும் இல்லை. அவர் பகிடி விடுகிறாரோ என்று நான் யோசித்த அந்த நொடியில்தான் வேலியில்லாத பக்கம் திரும்பினார். கீழே இறங்கும் படிகள் பாசி பிடித்து ஈரமாக இருந்தன. முதற்படிக்கு அவர் காலைத் தூக்கிவிட்டார். நான் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இருவரும் பாறையோடு போய் மோதி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டோம்.

அவருடைய கைகள் சில்லென்று ஈரமாக நடுங்கின. எனக்கு அது புதிதல்ல. மாமிக்கு நீரிழிவு என்று அறிந்திருந்தேன், என் அப்பாவுக்கும் அது இருக்கிறது. சீனி இறங்கினால் மனிதர் எப்படி மாறிப்போவார் என்பதை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"மாமி, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"விரதம்."

"என்ன விரதம்?"

"சஷ்டியெல்லோ."

"குளிசை போட்டனீங்களோ?"

"ஓம், போட்டனான். டொக்டர் ஒரு நாளும் விடக்கூடாதெண்டவர்."

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வழியில் கார் நிறுத்தியபோது எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட, அவர் மட்டும் "நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குப் பசிக்கேல்லை" என்று சொன்னதும் சேர்த்து. புது மருமகளின் முன் கூச்சப்படுகிறார் என்று நினைத்து நானும் வற்புறுத்தவில்லை. அவரோ கந்தசஷ்டிக்காக இரவில் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு நாட்களைக் கடத்தியிருக்கிறார். மகன் ஆசைப்பட்டு ஒழுங்கு செய்த பயணம் கெட்டுவிடக் கூடாதென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் சீனியைக் குறைக்கும் குளிசையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். முருகனுக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றினார், டொக்டருக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். அந்த இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவருக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டுப் பையும், எங்கள் தொலைபேசிகள் கிடந்த கைப்பையும் காரில் இருந்தன. என்னிடம் தண்ணீர்ப் போத்தல் மட்டும். பாதையில் வேறு ஒருவரும் இல்லை. நாங்கள் கடந்துவந்த கடைசி மாளிகை ஒரு வளைவுக்கு அப்பால்தான் இருந்தது. ஆனால் இவரை இங்கே விட்டுவிட்டுப் போனால், எழுந்து மறுபடி பஸ் பிடிக்கப் புறப்பட்டுவிடுவாரே! என் கழுத்திலிருந்த நீளமான சால்வையைக் கழற்றி, அவருடைய ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டியினூடாக விட்டு, பாறையில் அடித்திருந்த இரும்புக் கொழுவியோடு முடிந்தேன். வருங்கால மாமியாரைக் கட்டிப்போட்ட முதல் மருமகள் நானாகத்தான் இருக்கும்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை மாமி. காத்து கூடவா இருக்கு."

ஓடினேன். அந்த வீட்டின் இரும்புக் கதவுக்குப் பக்கத்திலிருந்த மணியை அமத்திய கையை எடுக்கவில்லை. ஒரு பெண்குரல் இத்தாலியனில் ஏதோ கேட்டது. பாடசாலையில் நான் படித்தது பிரெஞ்சு. தெரிந்த சில இத்தாலியன் சொற்களும் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைச் சொற்கள். சீனி, அம்மா, உதவி, சீனி என்று அவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவு திறந்தது. என் அம்மாவின் வயதுள்ள ஒருவர் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். ஒரு கையில் திராட்சைச் சாற்றுப் போத்தல், மறுகையில் கண்ணாடிக் கிளாஸ். அந்த அவசரத்திலும் கிளாஸ் எடுத்துவர அவருக்குத் தோன்றியிருக்கிறது! ஓடிக்கொண்டே ஜெர்மனில் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். உடனே தொலைபேசியை எடுத்து அம்புலன்சைக் கூப்பிட்டார்.

மாமி கட்டிய இடத்திலேயே இருந்தார். கிளாஸை அவருடைய வாயருகே கொண்டுபோனேன். அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குடியுங்கோ மாமி."

"ஏலாது. நாளைக்குச் சூரன்போர். இவ்வளவு நாளும் இருந்திட்டு இப்ப முறிக்கச் சொல்லுறியோ? உங்கட கலியாணத்துக்காக இருக்கிற விரதம் பிள்ளை."

கெஞ்சினேன். முருகன் கோவிக்க மாட்டார் என்றேன். "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். அவருடைய கண்கள் செருகத் தொடங்கின. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்போது எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியவில்லை.

"மாமி, இஞ்ச பாருங்கோ. நீங்கள் விழுங்கின குளிசையில மருந்து துளிதான். மிச்சமெல்லாம் மாவும் பால்சீனியும். உங்கட விரதம் காலமையே முறிஞ்சு போச்சு."

அவர் கண்ணைத் திறந்தார்.

"பொய்."

"பொய்யில்லை. அதை அமத்திக் கட்டியாக்கிறதுக்கு மாப் போடுறவங்கள். முறிஞ்ச விரதத்துக்கு ஏன் பட்டினி கிடக்கிறியள்? குடியுங்கோ!"

கடைசிச் சொல்லை நான் கத்திவிட்டேன். அந்தப் பெண்மணி ஒரு வார்த்தையும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியான வாய்க்காரி," என்றார் மாமி. குடித்தார். ஒரு கிளாஸ் முழுவதும் குடித்து, இரண்டாவதையும் குடித்தார்.

அதன் பிறகு நான் காத்திருந்த நேரத்தைப் போல நீண்ட நேரம் என் வாழ்க்கையில் இல்லை. மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. முகத்தில் நிறம் வந்தது. முதலில் சால்வை முடிச்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்மணியின் வீட்டுச் செருப்பைப் பார்த்தார்.

"இவவோ அந்தப் பெரிய வீட்டுக்காரி? ஆர் கூட்டுறதெண்டு கேள்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. கேள்வியை ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். தான் வீட்டுக்காரி இல்லை என்றும், கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருப்பதாகவும், மேல்தளங்கள் பூட்டியே கிடப்பதாகவும், அவற்றை ஒருவரும் கூட்டுவதில்லை என்றும் அவர் சொன்னார். மாமி திருப்தியோடு தலையாட்டினார்.

அம்புலன்ஸ்காரர்கள் பைகளோடு நடந்தே வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி ஏறத் தொடங்கியிருந்தது. ஆனாலும் குளிசையின் வேகம் நீண்ட நேரம் இருக்கும், திரும்பவும் இறங்கலாம் என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். மாமாவும் மகனும் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மாமி கட்டிலில் சாய்ந்திருந்து பாணும் ஜாமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"விரதத்தை முறிச்சுப் போட்டன். முருகன் கோவிப்பானோ தெரியேல்லை."

மாமா அவருடைய காலடியில் இருந்துகொண்டு சொன்னார்: "ஒரு மாம்பழத்துக்குக் கோவிச்சுக்கொண்டு மலையேறினவர். திராட்சைச் சாறெண்டால் சும்மா விடுவாரோ? நாளைக்கே ஒரு மலையிலை ஏறிடுவார். சுவிஸில மலைக்குக் குறைவில்லை."

"வாயைக் கழுவுங்கோ," என்று மாமி அதட்டினார். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். வைத்தியசாலைக்கு வந்ததிலிருந்து நின்றுகொண்டேயிருந்தேன். எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமியின் குளிசையில் என்ன கலந்திருக்கிறது என்பது பாதையில் எனக்குத் தெரியாது. என் அப்பாவின் குளிசையில் அப்படி இருந்தது ஞாபகம், அவ்வளவுதான். மறுநாள் மாமியின் குளிசையைப் பற்றித் தேடி வாசித்தேன். நான் சொன்னது சரிதான். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வருடம் எங்கள் கலியாணம் நடந்தது. மாமி இப்போதும் சஷ்டி இருக்கிறார். அதை ஒருவராலும் நிறுத்த முடியாது. ஆனால் அதற்கு முன்பே டொக்டரிடம் போய்ச் சொல்கிறார். டொக்டர் அந்த நாட்களுக்கென்று குளிசையை மாற்றிக் கொடுக்கிறார். மத்தியானம் பாலும் பழமும் எடுக்கிறார். தன் சீனியின் அளவை மகனுக்குச் சொல்வதில்லை, எனக்குத்தான் அனுப்புகிறார். கூச்சத்தால் அவர் சொல்லாமல் விட்டதை, மரியாதை என்று எண்ணி நானும் கேட்காமல் விட்டதால் ஓர் உயிர் போகப் பார்த்தது. இப்போது நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார், எங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறோம்.