தென்ரி டீச்சரின் பென்சில் கேள்வி

தென்ரி முதல் பத்தியைக் கத்தரிக்கோலால் வெட்டி, எழுதியவர் கையிலேயே கொடுக்கிறாள். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கதை இதுக்கு அப்புறந்தான் ஆரம்பிக்குது." வாங்கிக்கொள்பவர் இந்தோனேசியாவின் மக்காசார் படகுத்துறையில் படகோட்டும் டாயெங் ரேவா, அவளுக்கு அப்பா வயது. ஆணோ பெண்ணோ, பெரியவர்களை அங்கே மரியாதையாக 'டாயெங்' என்பார்கள். "சூரியன் உதிச்சத அவ்வளவு அழகா எழுதியிருந்தேனே, டீச்சர்" என்று முனகுகிறார்.

"சூரியன் தெனமும் உதிக்குது. உங்க படகு தெனமுமா கவுழுது?"

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் சனிக்கிழமை வகுப்பு அது. கதை எழுதுவது பாடத்திட்டத்தில் ஒரே ஒரு பாடம். தென்ரி அதை ஆண்டு முழுக்க இழுத்துவிட்டாள். பேனாவைத் தொடுமுன் வாயால் சொல்ல வைப்பாள். "யாருக்கு என்ன வேணும்? எது குறுக்க நிக்குது?" சொல்பவர் ஓரிடத்தை அவசரமாகத் தாண்டினால், சுட்ட வாழைப்பழத்தை மெல்லும் அவள் வாய் நின்றுவிடும். சிவப்பு மையில் திருத்துவதில்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

மீன் விற்கும் டாயெங் கெபோ தன் அக்காவின் கல்யாணத்தை எழுதியிருந்தாள். எருமைக்கறிக் குழம்பின் வாசம், மாப்பிள்ளையின் சரிகைத் தொப்பி, மாமா மூன்றாம் தட்டுக்கு அடிபோட்ட விதம் எல்லாவற்றுக்கும் வகுப்பே சிரித்தது. தென்ரி திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரும் சாப்பிடுறாங்க. நீங்க மட்டும் ஏன் டாயெங் சாப்பிடல?"

கெபோவின் முகம் இறுகியது. "மீனு கெட்டுடும், நான் வர்றேன்" என்று எழுந்து போய்விட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று தென்ரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கெபோ பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தாள். அந்த மாப்பிள்ளை முதலில் பெண் கேட்டு வந்தது அவளைத்தான். மூத்தவள் இருக்க இளையவளா என்று வீட்டார் ஆளை மாற்றிவிட்டார்கள்.

"இதுல எத வைக்கிறது, டீச்சர்? வருசக் கடைசில எல்லார் முன்னாடியும் வாசிக்கிற அன்னிக்கு அக்காவும் வருவா."

"வேணாம்னா மொத்தத்தையும் எடுத்துடுங்க. கதை உங்களோடது."

"நீங்களா இருந்தா?"

தென்ரி வெகுநேரம் தாள்களைப் புரட்டினாள். "சாப்பிடலங்கிறத மட்டும் வைப்பேன். காரணம் வேணாம். தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

ஆண்டு முடிவில், உறவுக்காரர்கள் நிறைந்த வகுப்பறையில் கெபோ வாசித்தாள். கடைசி பெஞ்சில் அக்கா. குழம்புக்கும் மாமாவுக்கும் எல்லாரையும் போல அவளும் சிரித்தாள். "அன்று நான் மட்டும்..." என்று தொடங்கிய குரல் மின்விசிறியின் தடதடப்பில் அமுங்கிப்போனது. கெபோ நிறுத்தினாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து விசிறியைப் பார்த்தாள்.

தென்ரி எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள்.