யாரோ திறந்த மெயில்

போன வாரம் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெரு நலச் சங்கத்துக்குக் காலண்டர் அடிக்கிறோம். புரூஃப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு காலத்தில் பத்திரிகையில் இருந்தவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை ஊரில் உள்ள அத்தனை புரூஃபும் நம் வீட்டுக்கு வந்துவிடும்.

அச்சக முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன். இதில் வரும் மற்ற இருவரின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் நவம்பர் மாதத்தில் ஒரு அமாவாசையைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் போன் அடித்தது. எடுத்தார். இரண்டு முறை "என்னது?" என்றார். அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் எனக்குக் கேட்கிற அளவுக்கு ஏறியது.

பேசியது ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் ஒருவர். பெட்டிகளில் ஒட்டும் லேபிளுக்கு இங்கேதான் ஆர்டர் கொடுத்திருந்தார். முதலில் அம்மன் படம் போட்ட டிசைன். பிறகு மனசு மாறிவிட்டது. வெடித்த பிறகு பெட்டி தெருவில் கிடக்கும், அம்மன் முகத்தை ஆட்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அம்மன் வேண்டாம், மயில் போடுங்கள்" என்று முந்தின நாள் ராத்திரியே மெயில் அனுப்பிவிட்டார்.

அன்று அவருடைய ஆள் வந்து பார்த்தால், காலையிலிருந்து அடித்து அடுக்கிய ஷீட் அத்தனையிலும் அம்மன்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணாச்சி போனை வைத்தார். "ஏத்தா மாரீஸ்வரி!"

மாரீஸ்வரி அந்த அச்சகத்தில் டிசைன் பார்க்கிற பெண். மெயிலில் வரும் திருத்தங்களைப் போட்டு மெஷினுக்கு அனுப்புவதும் அவள்தான். உள்ளேயிருந்து வந்தாள்.

"அம்மன மாத்தச் சொல்லி மெயிலு வந்துச்சாமே. பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கல அண்ணாச்சி."

"பாக்காமத்தான் தெறந்து கெடக்கோ?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் மெயில் எல்லோருக்கும் பொது. கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவர் வந்து 'ஆர்டர்' என்று ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் அனுப்புவது எல்லாம் அதில் விழும். அண்ணாச்சி, மாரீஸ்வரி, கணக்கு பார்க்கும் கனகராசு, மூன்று பேருக்கும் அது தெரியும். ஒருவர் ஒரு மெயிலைத் திறந்தால் மூவருக்கும் அது திறந்ததாகவே காட்டும்.

திறக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். திறந்துவிட்டால் எழுத்து மெலிந்துவிடும். அவ்வளவுதான். யார் திறந்தார்கள் என்பதை அது சொல்லாது.

இதை வைத்து அந்த அலுவலகம் தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. தடித்திருந்தால் நாம் பார்க்க வேண்டும். மெலிந்திருந்தால் வேறு யாரோ பார்த்துவிட்டார்கள், வேலை நடக்கிறது. யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஆனால் எல்லோரும் அப்படியே நடந்தார்கள்.

அம்மன் மெயில் மெலிந்து கிடந்தது.

"கனகராசு, நீயாலே தெறந்த?"

"நான் தொடல அண்ணாச்சி. காலையில வந்து பாத்தேன். மெலிசா இருந்துச்சு. சரி, இந்தப் பிள்ளை வீட்லருந்தே போன்ல பாத்துட்டுதுன்னு விட்டுட்டேன்."

மாரீஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நானும் அப்படித்தாண்ணே நெனைச்சேன். நான் வாரப்பவே மெலிசாத்தான் கெடந்துச்சு. நீங்க பாத்து, எனக்கு உண்டானதா இருந்தா சொல்லுவீகன்னு..."

"நல்லாருக்குத்தா நீங்க சொல்றது! இவன் தொடல, நீ தொடல. நான் அந்த மெயிலு சங்கதிக்கே போறதில்ல. அப்ப மாரியாத்தாளே எறங்கி வந்து தெறந்து பாத்தாளாக்கும்?"

மெஷின் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்தியும் கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. மெஷின் ஆட்கள், பேப்பர் லோடு இறக்க வந்தவர்கள், நான்... எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். வேலை நேரத்தில் போனை நோண்டுகிறவள் என்பது அதில் மிகவும் மென்மையானது. முடிவில், "நாளைக்கு வர வேண்டாம். கெளம்பு" என்றார்.

அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

வேறு ஊராக இருந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இங்கே அச்சகங்கள் ஒன்றுக்கொன்று முதுகு ஒட்டி நிற்கின்றன. சீசனில் ஓர் ஆர்டரைக் கெடுத்தவள் என்று பேராகிவிட்டால், அடுத்த அச்சகத்துக்கு அவள் போய்ச் சேருமுன் அந்தப் பேர் போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு ஒன்று உறுத்தியது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். காலையில் வரும்போதே மெலிந்திருந்தது. அப்படியானால் அவர்களுக்கு முன்னால் அங்கே யார் இருந்தது?

"காலையில கதவு திறக்கிறது யார் அண்ணாச்சி?"

"வேற யாரு? நான்தான். எங்கப்பா காலத்துலருந்து மொதலாளி கைதான் சாவி போடணும்."

"திறந்ததும் என்ன செய்வீங்க?"

கோபம் இறங்காத நேரத்திலும் இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. சொன்னார். தண்ணீர் தெளிப்பார். சாமி படத்துக்கு விளக்கு. மெஷினுக்குப் பத்தி காட்டுவார், கல்லாவுக்குக் காட்டுவார். பிறகு கம்ப்யூட்டர்.

"கம்ப்யூட்டருக்கும் பத்தியா?"

"பத்தி மட்டுமா? அந்தக் காலத்துல தபால் வரும்லா... மொதக் கவர எங்கப்பா தன் கையாலதான் கிழிப்பாக. அவுக கை பட்ட ஆர்டரு ஒண்ணும் தட்டிப்போனதில்ல. இப்ப கவரு ஏது? எல்லாம் மெயிலு. அதுக்கு என் கை பட வேண்டாமா? மவுசைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ஒரு தட்டு."

"முதல் மெயிலுக்கு மட்டும்தானே?"

"அதெப்படி? ஒரு பார்ட்டியத் தொட்டுட்டு இன்னொரு பார்ட்டிய விட்டா நல்லாவா இருக்கும்? ராத்திரி வந்தது அம்புட்டையும் வரிசையா ஒரு தட்டு தட்டிருவேன்."

"வாசிப்பீங்களா?"

"வாசிக்கதுக்குத்தான சார் சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கேன்!"

கனகராசு பேனாவைக் கீழே வைத்தார். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொள்ள வேண்டும். மெயில் சங்கதிக்கே போவதில்லை என்று அவர் சொன்னது மனதார. அவரைப் பொறுத்தவரை அது மெயில் பார்ப்பது அல்ல, சாமி கும்பிடுவது. பத்தி கொளுத்துவது போல, சாவி போடுவது போல. அது எழுத்தை மெலிய வைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கோ, கைராசி என்று ஒன்று இருப்பது தெரியாது.

இத்தனை நாள் இது ஏன் வெளியே வரவில்லை?

ஏனென்றால் இந்த ஊரில் யாரும் மெயிலை மட்டும் நம்புவதில்லை. ராத்திரி மெயில் போட்டவர் காலையில் போனும் போடுவார் - "மெயில் போட்டிருக்கேன், பாத்துக்கோங்க." அந்த போனில்தான் வியாபாரமே ஓடிக்கொண்டிருந்தது. ஆனைக்குட்டத்துக்காரர் காலையில் அப்படிப் போன் பண்ணவில்லை. மெயில் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் அவர் செய்ததுதான் சரி.

அண்ணாச்சி எழுந்து போய்க் கம்ப்யூட்டரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். கூடவே இருந்தவன் காட்டிக்கொடுத்துவிட்டது போல ஒரு பார்வை. பிறகு திரும்பாமலே சொன்னார்:

"ஏலே கனகராசு. வண்டிய எடுத்துட்டுப் போய் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா."

நல்லவேளை, பஸ் இன்னும் வரவில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நடந்ததைக் கனகராசு வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்றாள். அண்ணாச்சி வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நானும் காத்திருந்தேன்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"டீ குடிச்சியாத்தா?"

அவ்வளவுதான். டீ வந்தது. கூடவே வடையும் வந்தது. எனக்கும் ஒன்று. அவள் டீயை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயந்திரத்துக்குள் மயில் தயாராகிவிட்டது.

பத்திரிகை அலுவலகத்தில் பேப்பரில் செய்தி எழுதிய நாட்களில், வாசித்த உதவி ஆசிரியர் மூலையில் தன் பேரின் முதலெழுத்தைக் கிறுக்க வேண்டும். கிறுக்கல் இல்லையென்றால் அடுத்தவர் அதை வாங்கமாட்டார். இன்று நம்மிடம் என்ன இருக்கிறது? நீல டிக், மெலிந்த எழுத்து, பார்த்தாயிற்று என்பதற்கு 'சீன்' என்று ஓர் ஆங்கிலச் சொல். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் குடும்ப குரூப்பில் போட்டால் பதினைந்து பேர் பார்த்ததாகக் காட்டுகிறது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது யார்? பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடக் கூட, செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இந்த வாரம் காலண்டரை வாங்கப் போனேன். அம்மன் ஷீட்டுகள் ஒரு மூலையில் அடுக்கியபடி இருந்தன. பழைய பேப்பருக்குப் போட யாருக்கும் மனம் வரவில்லை. மேலே ஒரு முழம் மல்லிகைப்பூ வேறு.

மெயில் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு அந்த ஃபோல்டரையே தெரியாமல் செய்துவிடலாம் என்று கனகராசு யோசனை சொன்னாராம். "என் கம்பெனியில எனக்கே பூட்டாலே?" என்று அண்ணாச்சி எகிறிவிட்டார். கடைசியில் மாரீஸ்வரிதான் வழி கண்டாள். 'முதல்' என்று தனியாக ஒரு ஃபோல்டர். அதில் தினமும் ஒரே ஒரு மெயில். முந்தின நாள் கிளம்புவதற்கு முன் அவளே அனுப்பிவிடுகிறாள். காலையில் அண்ணாச்சி அதை மட்டும் தொட்டுக் கும்பிட்டுத் திறக்கிறார். 'ஆர்டர்' பக்கம் அவர் போவதில்லை, அங்கே எழுத்துகள் தடித்தபடியே காத்திருக்கின்றன.

"அந்த மெயில்ல என்னம்மா எழுதுவே? சாமி பேரா?"

மாரீஸ்வரி அண்ணாச்சியின் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெனமும் ஒரே வரிதான் சார். 'அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி ஏசுனீகளே அண்ணாச்சி, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே'ன்னு எழுதுதேன். தெனமும் கும்பிட்டுத்தான் தெறக்காக. வாசிச்சாத்தான!"

"நான் இதைப் பேப்பரில் எழுதலாமா?"

"எழுதுங்க சார். அண்ணாச்சி பேப்பர மட்டும்தான் எழுத்துக் கூட்டி வாசிப்பாக."

அண்ணாச்சி... இந்தத் தடவை தொட்டுக் கும்பிட்டால் மட்டும் போதாது.