உடைசல் அக்கா

“ஒட்ட வச்சுப் பாக்காதீங்க! ரெண்டையும் தனித்தனியாப் பிடிங்க!”

யாராவது உடைந்த துண்டுகளோடு வாசலில் தலைகாட்டினால் இந்த அதட்டல்தான் வரவேற்பு. கையில் இரண்டு துண்டு கிடைத்தால் மனிதனுக்குப் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. பொருத்தினால் முறிந்த முகம் உரசி நசுங்கிவிடும். அதில் இருக்கும் தடயம் போய்விடும். தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அந்தத் தடயத்தைப் படிப்பதுதான் அவர் வேலை. கம்பெனி கொடுத்த பதவிப்பெயர் நீளமானது. எல்லோருக்கும் அவர் உடைசல் அக்கா.

அமிலம் தெறித்து ஓட்டை விழுந்த கோட்டு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ். தெருவில் அறுந்து கிடக்கும் சைக்கிள் சங்கிலியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறார். “எங்க வீட்ல கப்பு உடைஞ்சா விளக்குமாறுக்கு முன்னாடி லென்ஸ்தாங்க வரும்” என்பார் அவர் கணவர்.

‘நேரம் சரியில்லை’ என்று மட்டும் அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது. “இரும்புக்கு ஏதுங்க ஜாதகம்? நாம என்ன செஞ்சோமோ அதுதான் உள்ள இருக்கும்.”

போன வாரம் வந்தவை ஆறு போல்ட்டுகள். ஃபிட்டர் ஒருவர் திங்கட்கிழமை ஓர் இயந்திரத்தின் மூடியில் மாட்டி முறுக்கியவை. புதன்கிழமை காலை, இயந்திரம் சும்மா நின்றபோது, ஆறின் தலையும் தெறித்து மூடி சரிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ஃபிட்டர் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டார் என்று அறிக்கை தயாராகவே வந்தது. அதில் அக்கா கையெழுத்துப் போட்டால் அன்று மூன்று மணிக்கு நடக்கும் விசாரணையில் ஃபிட்டருடைய பதினேழு வருட வேலை போய்விடும்.

“அவன் கைராசி அப்படி மேடம். ஒரு கையெழுத்துதானே?” என்றார் அதைக் கொண்டுவந்த மேலாளர்.

“முறுக்கினதுல உடைஞ்சதுன்னா முறுக்கும்போதே உடைஞ்சிருக்கும் சார். கழுத்து இழுபட்டு மெலிஞ்சிருக்கும். இது ரெண்டு நாள் சும்மா உக்காந்துட்டு உடைஞ்சிருக்கு. பாருங்க, உள்ள கற்கண்டு மாதிரி மணிமணியாப் பிரிஞ்சிருக்கு.”

துத்தநாகப் பூச்சுக்கு முன் அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்துவிடும். கெட்டியான உருக்கு என்றால், பூச்சு முடிந்த கையோடு இருநூறு டிகிரி அடுப்பில் மணிக்கணக்காக வைத்து அதை விரட்ட வேண்டும். விட்டுவிட்டால் போல்ட் பளபளவென்றுதான் இருக்கும். இழுத்துக் கட்டிய பிறகு அந்த ஹைட்ரஜனால் விரிசல் உள்ளுக்குள் சத்தமில்லாமல் நகரும். அடுப்பின் வெப்பத்தைத் தாளில் கோடாக வரையும் பேனா, இந்த போல்ட்டுகளுக்குப் பூச்சு போட்ட அன்று முப்பது டிகிரியைத் தாண்டவே இல்லை. சரக்கு அவசரம், அடுப்பில் வைக்காமலே அனுப்புங்கள் என்று சொன்னவர் இதே மேலாளர்.

“இதெல்லாம் விசாரணையில யாருக்கு மேடம் புரியப்போகுது?”

“புரிய வேண்டியவருக்குப் புரியட்டும்” என்று ஃபிட்டரை அழைத்துவரச் சொல்லி அனுப்பினார். அவர் வருவதற்குள் தன் கையாலேயே வேறு அறிக்கை எழுதினார்: ‘பூச்சுக்குப் பின் சூடேற்றவில்லை. பொருத்தியவர் மேல் தவறில்லை. இதே சரக்கில் மீதமுள்ள போல்ட்டுகளை உடனே கழற்ற வேண்டும்.’ கையெழுத்திட்டு, நேரமும் குறித்தார்.

ஃபிட்டர் கதவருகிலேயே நின்றுவிட்டார். “நான்தான் ஒரு சுத்து கூட முறுக்கிட்டேனோக்கா? எத்தனை தடவை யோசிச்சாலும் ஞாபகம் வரல. தூக்கமே இல்ல.”

அக்காவின் முகம் சிவந்தது. “சரியா வேலை செஞ்ச கையையே சந்தேகப்பட வச்சிருக்காங்களே! உள்ள வாங்க. யார் சொல்றதையும் நம்ப வேணாம், நான் சொல்றதையும்தான். நீங்களே பாருங்க.”

நுண்ணோக்கியின் முன் இருந்த தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த அறையில் இருந்த நாற்காலி அது ஒன்றுதான். மேலாளர் உட்காரப் போனார். அக்கா அதை ஃபிட்டர் பக்கம் இழுத்து, அவர் உயரத்துக்குச் சுழற்றி ஏற்றிக் கொடுத்தார்.