நாயை ஒப்படைத்த முறை

கேமரன் மலையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மழை மாதங்கள் உண்டு, மழை குறைந்த மாதங்கள் உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் பொங்கல் முடிந்து சீனப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் காலை மூச்சு புகையாக வரும், குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். எங்கள் நாய் அந்த வாரங்களைக் குளிர்காலம் என்றே எடுத்துக்கொண்டது. இரவு முழுக்க அடுப்படிச் சுவரோடு ஒட்டிக் கிடந்துவிட்டு, காலை ஆறரைக்கு நான் காலணியைத் தட்டும் சத்தம் கேட்டதும் முன்னங்கால்களை நீட்டி எழுந்து நிற்கும். நான் வருகிறேனா என்று கேட்காது. வருவேன் என்று அதற்குத் தெரியும்.

இந்த வருடம் அந்த நடையை வழக்கத்தைவிடக் கவனமாகப் பார்த்தேன். டிசம்பர் தொடக்கத்தில் நான் ஓய்வு பெற்றிருந்தேன். முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவன் நான். ஓய்வு பெறுகிறவர் மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்ற கடிதத்தை எத்தனையோ பேருக்கு நானே தட்டச்சு செய்திருக்கிறேன். எனக்கு வந்த கடிதமும் என் வாசகத்திலேயே இருந்தது, பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். குறை சொல்ல இடமில்லை.

நாங்கள் போக வேண்டிய இடம் மலைக்குக் கீழே ஈப்போ நகரில் மகளின் வீடு, பதினோராவது மாடி. மனைவியின் நெஞ்சுக்கு இந்த மலைக்குளிர் இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் வேறு வழி யோசிக்கவில்லை. அந்த அடுக்குமாடியின் விதிப்புத்தகத்தை மகள் அனுப்பினாள். நாய்க்கு அனுமதியில்லை. ஓட்டை தேடி இரண்டு முறை படித்தேன். கச்சிதமான வாசகம். நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆகவே ஒன்பது வயது நாய் ஒன்றுக்கு பிப்ரவரி முடிவதற்குள் இடம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் நடை வீட்டுப் பின்வாசலில் தொடங்கி, தேயிலைச் சரிவைச் சுற்றி, ஓடைப் பாலம்வரை போய்த் திரும்பும். சுற்றுலாக்காரர்கள் மேட்டில் நின்று படம் எடுக்கும் தேயிலை, நாய் பார்க்கும் தேயிலை அல்ல. அதன் உயரத்திலிருந்து பார்த்தால் பச்சையே கிடையாது. பாசி படிந்த தடித்த தண்டுகள், நடுவே இருட்டு, அழுகிய இலை, கொழுந்து வெட்டும் இயந்திரம் சிந்திய எண்ணெய், யாரோ நேற்றுத் தின்றுவிட்டுப் போட்ட ரொட்டியின் உறை. குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கும் இது தெரிந்தது. முப்பத்தெட்டு வருடம் இந்தச் செடிகளைக் கணக்கிட்டவனுக்கு அவற்றின் அடிப்பகுதி தெரியாது. நாய் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் நின்று மோந்து, ஏதோ ஒரு முடிவுக்கு வந்து, மேலே நடக்கும். நான் அவசரப்படுத்தினால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். மேலதிகாரிகளை அப்படி ஒரு பார்வை பார்க்க நான் ஒருநாளும் துணிந்ததில்லை.

வீட்டுத் தோட்டத்திலும் இதே கதைதான். மனைவிக்கு அது ரோஜா, டேலியா, சௌசௌப் பந்தல். நாய்க்கு அது நான்கே இடம்: வெயில் முதலில் விழும் கல், தவளை இருக்கும் தொட்டி, எலும்பு புதைத்த மூலை, வேலியில் சாலை தெரியும் சந்து. நடுவிலிருந்த ரோஜாவை அது ஒன்பது வருடமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாயை வைத்துக்கொள்வாரா என்று முதலில், அலுவலகத்தில் என் வேலைக்கு வந்த இளைஞரைக் கேட்டேன். அவருக்கு வீடே வேண்டாமாம், பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் அறை எடுத்திருக்கிறார். எங்கள் வீட்டைத் தோட்ட நிர்வாகம் விருந்தினர் தங்குமிடம் ஆக்கப்போவதாக அவர் சொல்லித்தான் தெரிந்தது. கடைசியில் திரிங்காப் கிராமத்தில் காய்கறி போடும் ஒரு பெண்மணி சம்மதித்தார். அவர் கணவர் முன்பு எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவருடைய விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

"குடுங்க ஐயா, எனக்கும் ஒரு நாய் வேணும்தான். பன்னி வந்து முட்டைக்கோசையெல்லாம் கிண்டிப் போட்டுட்டுப் போவுது," என்றார்.

"கட்டிப் போடாம வளப்பீங்களாம்மா?"

"கட்டித்தான் ஆகணும் ஐயா. சுத்துப்பட்டுத் தோட்டத்துல எல்லாம் எலி மருந்து வச்சிருக்காங்க. அவுத்து விட்டா ரெண்டே நாள்தான்."

நேர்மையான பதில். நான் கொண்டுபோயிருந்த தாளை நீட்டினேன். சாப்பாட்டு நேரம், நடை நேரம், இடிக்குப் பயப்படும் விவரம், காதில் புண் வந்தால் போட வேண்டிய மருந்து. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாய்க்கு டைம் டேபிளா? என் பிள்ளைங்களுக்கே நான் இப்படி எழுதல லா!"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சங்கிலி விஷயத்தைச் சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"விட்டுட்டு வர்றப்ப அது கத்துமேங்க. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு எப்படி வண்டியில ஏறுவீங்க?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் என்னிடம் ஒரு முறை இருந்தது. தோட்டத்தில் ஒரு கிராணி மாறிப் போகும்போது வேலையை ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். முதல் நாள் பழையவர் புதியவரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மறுநாள் ஒரு மணி நேரம் எழுந்து போவார். அதற்கு மறுநாள் அரை நாள். அப்படியே தன்னைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒருநாள் வராமலே இருந்துவிடுவார். அன்று அவர் வரவில்லை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் நல்ல ஒப்படைப்புக்கு அடையாளம். இந்த முறையில் நான் ஐந்து பேரிடம் வேலை ஒப்படைத்திருக்கிறேன், ஒரு புகார் வந்ததில்லை.

நாய்க்கும் அதையே செய்தேன். முதல் நாள் காரில் ஏற்றித் திரிங்காப்புக்குக் கொண்டுபோய், முட்டைக்கோசு வரிசைக்குப் பக்கத்தில் அதனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை சங்கிலியில் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் விலகி நின்றேன். அது கத்திய கத்தலில் பூ ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். மூன்றாம் முறை இரண்டு மணி நேரம். கத்தியது, ஆனால் இடையிடையே நிறுத்தி யோசித்தது. பிறகு அரை நாள். பிறகு காலையில் விட்டு மாலை ஐந்துக்கு அழைத்து வந்தேன். நாட்குறிப்பில் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தேன். ஆறாம் முறை என் குறிப்பு: 'சத்தம் நின்றது.' ஏழாம் முறையும் எட்டாம் முறையும் அப்படியே. நான் காருக்குத் திரும்பி நடக்கையில் அது அமைதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"சொன்னேன்ல, பழகிடுச்சு," என்றேன் மனைவியிடம்.

"நல்லதுங்க," என்றாள். அவள் முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை.

கடைசி நாள் காலையும் நடந்தோம். ஓடைப் பாலத்தில் பனி கலையவில்லை. நாய் வழக்கமான இடங்களில் நின்றது, வழக்கமான முடிவுகளுக்கு வந்தது. அதற்கு அது இன்னொரு காலை. எனக்கும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. திரும்பும்போது தேயிலைக்கு அடியில் நுழைந்து ஏதோ ஒன்றைத் தோண்ட ஆரம்பித்தது. அன்றைக்கு மட்டும் நான் அவசரப்படுத்தவில்லை.

ஒன்பது மணிக்குத் திரிங்காப்பில் விட்டேன். தலையைத் தடவினேன். அது என் கையை நக்கிவிட்டு உட்கார்ந்தது. கத்தவில்லை. பெண்மணி வியந்து போனார்: "அலாமா, எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு பாருங்க!" எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது. மதியம் சாவியை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மலை இறங்கினோம்.

நான்காம் நாள் ஈப்போவிலிருந்து அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தேன்.

"சாப்பிடுதாம்மா?"

"நல்லாச் சாப்பிடுது ஐயா. ஒரு தொந்தரவும் இல்ல. பகல்ல படுத்துக் கெடக்கும். நாலரைக்கு எழுந்து, சங்கிலி நீளம் முழுக்க இழுத்துக்கிட்டுப் போயி ரோட்டப் பாத்து உக்காந்துக்கும். இருட்டுற வரைக்கும் அசையாது."

"கத்துதா?"

"இல்லவே இல்ல. சும்மா உக்காந்திருக்கும். நீங்க நல்லாத்தான் பழக்கி விட்டிருக்கீங்க."

நல்லாத்தான் பழக்கியிருக்கிறேன். ஏழு முறை விட்டுவிட்டுப் போனேன், ஏழு முறையும் திரும்பி வந்தேன். இது உன் புது இடம் என்று நான் சொல்லிக் கொடுத்ததாக நினைத்தேன். அது கற்றுக்கொண்டது வேறு: இவன் எவ்வளவு நேரம் போனாலும் வந்துவிடுவான், கத்த வேண்டிய அவசியமில்லை. அமைதிக்கு நான் குறித்த காரணம் தவறு. முதல் நாளே ஒரேயடியாக விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு வாரம் ஊளையிட்டு ஓய்ந்திருக்கும், நாயும் நானும் அதோடு ஏதோ ஒன்றை முடித்திருப்போம்.

"சாயந்தரத்துல அந்தப் பக்கம் பாக்காத மாதிரி கொட்டகைக்குள்ள கட்டிப் பாருங்கம்மா," என்றேன்.

"கட்டிப் பாத்தேன் ஐயா. உள்ளேருந்தும் ரோட்டுப் பக்கமாத்தான் திரும்பி உக்காருது."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "ஒரு ஞாயித்துக்கெழம போயிப் பாத்துட்டு வருவோமாங்க?"

"போனா அது நெனச்சது சரின்னு ஆயிடும். இன்னும் கெட்டியா உக்காரும்."

"போகாட்டி?"

"போகாட்டியும் உக்காரும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதற்கும் ஏதாவது முறை இருக்கும் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு எழுந்து, பால்கனியிலிருந்த இரண்டு பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.