மாப்பிள்ளை தலைக்குள்ள ஒரு வெள்ளைத் திட்டு

எனக்குப் பேத்தி பொறந்து இன்னிக்கு ஐம்பத்தோராவது நாள். அவ கொட்டாவி விட்டா எனக்கும் கொட்டாவி வருது, அப்படி ஆயிட்டேன். ஆனா இப்ப சொல்ல வந்தது அவ அப்பாவை, அதாவது என் மாப்பிள்ளையைப் பத்தி.

ஓட்டல்ல சர்வர். பேப்பர், பேனா கிடையாது. ஏழு மேசைக்காரங்க கேக்கறதையும் காதுல வாங்கிட்டு, அடுப்படி ஜன்னல்ல ஒரே மூச்சுல ஒப்பிச்சிருவார். யாருக்குச் சர்க்கரை கம்மி, யார் சில்லுன்னு கேப்பாங்க, எல்லாம் மண்டைக்குள்ள. முதலாளி அவரை 'டேப்பு'ன்னுதான் கூப்பிடுவார்.

சின்ன வயசுலேருந்து வலிப்பு உண்டு. மறைக்காம சொல்லித்தான் பொண்ணு கேட்டார். ரெண்டு வேளை மாத்திரை போட்டா வராது. என் பொண்ணுக்கு வலி எடுத்ததும் ரெண்டு நாள் தூக்கமில்லாம ஓடினார் பாருங்க, ஊர் ஆர்டரையெல்லாம் ஞாபகம் வெச்ச மனுஷன் தன் மாத்திரையை மறந்துட்டார். குழந்தையைக் கையில வாங்கிக் கொஞ்சிட்டுத் திருப்பிக் குடுத்தவர், ஆஸ்பத்திரி வராண்டாவுலயே விழுந்துட்டார். எப்பவும் ரெண்டு நிமிஷத்துல நிக்கும். அன்னிக்கு ஊசி மேல ஊசி போட்டும் அடங்க அரை மணிக்கு மேல ஆச்சு.

மறுநாள் ஸ்கேன் எடுத்தாங்க. சின்ன டாக்டர் படத்தைக் காட்டி, "இந்த இடம் வெள்ளையா இருக்கு பாருங்க. ஞாபகத்துக்கான இடம். கட்டியாக்கூட இருக்கலாம். மண்டையில துளை போட்டுத் துளி சதை எடுத்துப் பாக்க வேண்டி வரலாம்"னார். கண்ணு முழிச்ச மாப்பிள்ளை வேற, "குழந்தை பொறந்திருச்சா மாமா?"ங்கறார்!

சாயங்காலம் பெரிய டாக்டரம்மா வந்து உத்துப் பாத்தாங்க. "அவசரப்பட வேணாம். வலிப்பு இவ்வளவு நேரம் நீடிச்சா மூளை அங்கங்க வீங்கும், படத்துல வெளுத்துத் தெரியும். நிறைய பேருக்குத் தானா மறையும். சில பேருக்கு வடு நின்னுரும். கட்டின்னா மறையாது. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துட்டு முடிவு பண்ணுவோம்"னாங்க.

நான் பெயிண்டர். "ஈரம் ஊறின சுவரு மாதிரியாம்மா? காயறதுக்குள்ள சுரண்டக் கூடாது?"ன்னேன்.

"கிட்டத்தட்ட. என்ன படிச்சிருக்கீங்க?"

"மூணாங்கிளாஸ். அப்புறம் ஏணியில ஏறினவன்தான், இன்னும் இறங்கலை."

அவங்க சிரிச்சுட்டாங்க. என்னால முடியலை.

நாலாவது வாரம் முதலாளி ஒரே ஒரு மேசை குடுத்துப் பாத்தார். டீ கேட்டவருக்கு சூப்பு போச்சு. "என்னப்பா, டேப்பு சிக்கிக்கிச்சா?"ன்னு அவர் விளையாட்டாத்தான் கேட்டார். மாப்பிள்ளையும் சிரிச்சார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்லயே உக்காந்துட்டார்.

என் பொண்ணு கதவைத் தட்டி, "பால் வாங்கச் சொன்னா சோப்பு வாங்கிட்டு வர்றது கல்யாணம் ஆன நாள்லேருந்து இருக்கறதுதானே! வலிப்பு மேல பழி போடாம வெளிய வாங்க"ன்னா.

முந்தாநாள் ரெண்டாவது படம். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. நான் தேடறேன், வெள்ளையைக் காணோம். ஓரத்துல லேசா ஒரு நிழல், அவ்வளவுதான்.

"கட்டி இல்லை. ஞாபகம் மெதுவாத் தேறும். மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க"ன்னாங்க டாக்டரம்மா.

"அவ பொறந்த அன்னிக்கு நடந்தது ஞாபகம் வருமா மேடம்?"ன்னார் மாப்பிள்ளை.

"அது வராமலே போகலாம்பா."

பஸ்ல ஜன்னலையே பாத்துட்டு வந்தார். அப்புறம், "மாமா, அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க"ன்னார். மொதல்லேருந்து சொன்னேன். நர்ஸம்மா கதவைத் திறந்தது, பச்சைத் துணியில சுத்திக் குடுத்தது, அவ அழுத சத்தத்துக்கு வராண்டாவே திரும்பினது, இவர் அவளை வெச்சுக்கிட்டு யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்னது. சொன்ன ஜோருல ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போயிட்டோம்.

இறங்கித் திரும்பி நடந்தோம். இப்ப அவர் சொல்ல ஆரம்பிச்சார், நான் கேட்டுட்டே வந்தேன். துணியை மட்டும் நீலம்னார். நிறத்துல பொழைக்கறவன் நான், திருத்தியிருக்கலாம். வாயைத் திறக்கலையே!