மெர்ல் வில்லை இழுத்த நாள்

மெர்ல் ஹாட்ச்கினுக்கு வயலினில் அழத் தெரியாது. கிப்ஸ்லாந்து வட்டார ஊர் மன்றங்களில் ஐம்பது வருடம் சனிக்கிழமை ஜோடி ஆட்டத்துக்கு வாசித்தவள். வில்லைக் கம்பியில் வைத்ததும் வெடுக்கென்று எடுத்துவிடுவாள். வெங்காயம் நறுக்குவதுபோல் சுரங்கள் துண்டு துண்டாய் விழும். மூட்டு மாற்றிக்கொண்டவர்கள்கூட எழுந்து ஆடுவார்கள். பக்கத்தில் அக்கார்டியன் வாசித்த என்னை ஒரு நாயும் பாராட்டியதில்லை.

அவளை இப்படிப் பழக்கிக் கெடுத்தவன் புருஷன் க்ளாரி. மேடையில் நின்று ஆடுகிறவர்களுக்கு அடுத்த அடி எதுவென்று கூவுகிறவன். ஒரு சுரம் கொஞ்சம் நீண்டால் போதும், "காலெல்லாம் அந்தரத்துல நிக்குது மெர்ல்!" என்று கத்துவான்.

போன வருடம் அவன் நுரையீரல் கைவிரித்தது. டாக்டர் ஆறு மாதம் என்றார். மெர்ல் என்னிடம் வந்தாள்.

"ஊரையே ஆட வெச்சாச்சு டெஸ். இவன் போறப்பவாவது நாலு பேரு அழணும். நான்தான் வாசிச்சு அழ வெப்பேன்."

எழுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூட இசை டீச்சர் ஜசிந்தாவிடம் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு மூக்கில் வளையம், வாயில் சூயிங் கம்.

"வில்லை எடுக்காதீங்க மெர்ல். நுனிவரைக்கும் இழுங்க. திரும்புற இடம் காதுக்கே தெரியக் கூடாது."

சமையலறையில் பயிற்சி தொடங்கியது. படுக்கையிலிருந்து க்ளாரி குரல் கொடுத்தான்.

"யாருடி அது, மாட்டுக்குப் பிரசவம் பாக்குறது?"

"உன் சாவுக்கு ஒத்திகை. பேசாம கெட."

"இப்படி வாசிச்சா பொட்டியிலேர்ந்து எறங்கி ஓடிடுவேன்."

"ஓடேன் பாப்போம். கக்கூசுக்கே ரெண்டு பேரு தூக்கிட்டுப் போறோம்."

சிரித்துச் சிரித்து இருமினான். செப்டம்பரில் ஒருநாள் அவர்கள் வாசலில் காரை நிறுத்தினேன். உள்ளே அவள் வில்லை நீளமாக இழுத்துக்கொண்டிருந்தாள். அது நிற்கும்வரை என்னால் காரை விட்டு இறங்க முடியவில்லை.

அக்டோபரில் க்ளாரி போய்விட்டான்.

மன்றம் நிறைந்திருந்தது. சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிய ஆறு பேரும் எங்கள் ஆட்டக்காரர்கள், முன்னால் நெவ். மெர்ல் மெதுவான வால்ட்ஸ் மெட்டு ஒன்றைத் தொடங்கினாள். நீளமாக, விளிம்பே இல்லாமல். கறிக்கடைக்காரர்கூட மூக்கைச் சிந்தினார்.

பெட்டி நகரவில்லை. மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று சனம் நினைத்தது. எனக்குத் தெரியும், அந்த மடையர்களுக்கு முதல் அடி வைக்க வரவில்லை. ஆட்டம் தொடங்க மெர்ல் வில்லால் இரண்டு குட்டி வெட்டு வெட்டினால்தான் எங்கள் ஊரில் கால் எழும்பும். க்ளாரி ஒல்லியான ஆளும் இல்லை.

"எப்ப கெளம்பணும் மெர்ல்?" நெவ் பல்லைக் கடித்தான். "தோளு போவுது!"

அவனைப் பார்த்தாள். வில்லைத் திருப்பி மறுபடி இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.

"வெட்டு மெர்ல்," என்றேன்.

"கொஞ்சம் இரு டெஸ். வெட்டுனா அவன் போயிடுவான்."

நுனிவரை இழுத்தாள். பிறகு இரண்டு வெட்டு.

ஆறு பேரும் இடது காலை எடுத்து வைத்தார்கள்.