தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ

எந்த ஊருக்குப் போனால் பிழைக்கலாம் என்று யோசிப்பதே ஒரு முழுநேர வேலை என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லை. நானும் என் கணவரும் ஒரு வருசத்துக்கும் மேலாக அதைத்தான் பார்த்தோம்.

அவர் சுன்னாகத்தில் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். தோட்டக்காரர்கள் எரிந்துபோன மோட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அவர் பழைய கம்பியைக் கழற்றிப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். வெங்காயம் விலைபோனால் அவருக்கு வேலை. விலை விழுந்தால் மோட்டர் பழுதாகவே தோட்டத்தில் கிடக்கும். நான் சந்தைக்கு முன்னால் ஒரு ஹாட்வெயார் கடையில் காசாளர். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் சம்பளத்தைக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்டால் உடனே அவருக்குச் சுகமில்லாமல் போய்விடும். பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவள் கணக்கில் கெட்டிக்காரி. சின்னவனுக்கு எந்த நேரமும் பசி. எங்கள் இரண்டு பேருடைய உழைப்பும் மாதக் கடைசியில் எங்கே போனதென்று இரண்டு பேருக்குமே தெரியாது. களைத்துப் போய்விட்டோம், அதுதான் உண்மை.

முதலில் வவுனியாவை யோசித்தோம். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் அங்கே பட்டறை வைத்திருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, "அங்கையும் தோட்டக்காரர் கையிலை காசில்லாமல்தான் நிக்கினம். உதுக்கு இஞ்சையே இருந்திடலாம்" என்றார். வவுனியா அத்தோடு சரி. பிறகு கனடா. அங்கே இருக்கும் என் மச்சாளுக்கு டெலிபோன் எடுத்தேன். "இஞ்சை வராதேங்கோ. குளிர், வாடகை, ரெண்டு வேலை செய்தாலும் காணாது" என்று ஒரு மணித்தியாலம் மூக்கால் அழுதாள். "அப்ப நீங்கள் திரும்பி வரலாமே மச்சாள்?" என்று கேட்டேன். லைன் கிளியர் இல்லையாம், வைத்துவிட்டாள். போன சனம் எல்லாம் இப்படித்தான். வராதே என்று சொல்லும், திரும்பியும் வராது.

கடைசியில் கொழும்பு என்று முடிவானது. வெள்ளவத்தையில் தொடர்மாடிகளின் தண்ணீர் மோட்டரும் லிப்டும் பார்க்கிற ஓர் இடத்தில் அவருக்கு வேலை சரிவந்தது. மாதம் பிறந்தால் சம்பளம், வெங்காயம் விலைபோனாலென்ன போகாவிட்டாலென்ன. எனக்கும் அதே வீதியில் மருந்து விற்கிற ஒரு பாமசியில் காசாளர் வேலை தருவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடமும் விசாரித்தாயிற்று. வீடு மட்டும் எங்கள் கைக்கு எட்டியது மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தில். லிப்ட் திருத்துகிறவருக்கு லிப்ட் இல்லாத வீடு என்று சொல்லிச் சிரித்தோம். அம்மாவை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். ஒப்பரேசன் செய்த பிறகு, இரும்புச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து விறாந்தை வரைக்கும் நடப்பார். ஒரு படி ஏறுவதென்றால் இரண்டு பேர் பிடிக்கவேண்டும். மூன்று மாடியை நினைத்தும் பார்க்க முடியாது. நாங்கள் இருந்தது அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. பின்காணியைத் தங்கச்சிக்குக் கொடுத்து, அங்கேயும் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அப்பா எப்போதோ காலமாகிவிட்டார். ஆகவே கணக்கு எளிது. நாங்கள் கொழும்புக்குப் போனால் அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போவார். தங்கச்சி இருக்கிறாள்தானே. எங்கள் கொழும்பு முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் நின்றது.

அப்படியானால் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் சனத்தைத் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். இங்கே ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டால், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் பாழ். "துலைக்கோ?" என்றுதான் கேட்பார்கள், தூரப் பயணமோ என்று பொருள். "ஓம், உதிலை ஒரு சோலி" என்று சொல்லிவிட்டு நடக்கலாம். சந்தைக்குப் போவதற்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஊரை விட்டுப் போவதற்குக் கேட்கவா வேண்டும்? விசா வந்து, டிக்கெட் எடுத்து, பிளேன் ஏறிய பிறகுதான் சொந்தக்காரருக்கே டெலிபோன் போகும். அவ்வளவு கண்ணூறுப் பயம்.

எனக்கு உதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் சில வருசங்களுக்கு முன் அவர் கட்டாருக்கு வெளிக்கிட்டபோது நாங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அது சரிவரவில்லை. அதன் பிறகு, "என்ன, இன்னும் போகேல்லையோ?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆணி வாங்க வந்தவர்கூட மிச்சக்காசை எண்ணிக்கொண்டே கேட்டார். மானம் போய்விட்டது. அதனால் இந்தமுறை கொழும்பு வீட்டுப் பூட்டின் திறப்பு கைக்கு வரும்வரை மூச்சு விடுவதில்லை என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஒரு பின்னேரம் அவருடைய காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னேன்.

"அம்மா, நாங்கள் கொழும்புக்குப் போகப் பாக்கிறம். இவருக்கு அங்கை வேலை சரிவந்திட்டுது."

அம்மா சீலையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நல்லது பிள்ளை. அவரும் எவ்வளவு காலத்துக்கு உந்த மோட்டருகளோடை மாரடிக்கிறது" என்றார்.

"உங்களைத் தங்கச்சி பாப்பாள். ஆனால் இப்ப தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எல்லாம் சரிவந்தாப்பிறகு நானே சொல்லுறன்."

"நான் ஏன் சொல்லப்போறன்? மற்றக் காலுக்கும் பூசு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா அழுவார், ஒப்பாரி வைப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

திறப்பு கைக்கு வருகிற கிழமையில் ஒருநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, சூட்கேஸ் வாங்க யாழ்ப்பாணம் போனேன். சுன்னாகத்தில் வாங்கினால் பொழுதுபட முன்னம் ஊருக்கே தெரிந்துவிடும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றுக்குள் நுழைந்தால், உள்ளே தங்கச்சி நிற்கிறாள். பெரிய கறுப்புச் சூட்கேஸ் ஒன்றின் சில்லை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், சுடுசட்டியைத் தொட்டவள் மாதிரிக் கையை எடுத்தாள்.

"என்னக்கா, இண்டைக்குக் கடை லீவோ?"

"ஓம், சும்மா வந்தனான். நீ?"

"பக்கத்து வீட்டு ரீச்சர் ஒரு சூட்கேஸ் வாங்கித் தரச்சொன்னவ. அவவுக்கு நேரமில்லையாம்."

அவளுக்குப் பக்கத்து வீடு என்றால் ஒருபக்கம் நான், மற்றப் பக்கம் வெறுங்காணி. ரீச்சர் எங்கிருந்து முளைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாள். ஆனால் நான் கேட்காமலே அவள் கேட்டாள்.

"நீ என்ன பாக்கிறாய்?"

"சீலையள் வைக்க ஒண்டு பாப்பம் எண்டு. அலுமாரியிலை கறையான்."

என் அலுமாரி இரும்பு. அதை வாங்கியபோது கூட வந்து நிறம் தெரிந்தெடுத்தவளே அவள்தான். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரர் நடுவில் வந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கிறியளோ? அப்ப விலை பாத்துச் செய்து தாறன்" என்றார். எடுத்தோம். வேறு என்ன செய்வது?

மினிபஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, சூட்கேஸை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தோம். கொண்டக்டர் பொடியன், "என்னக்காமார், கனடாவோ?" என்று கேட்டான். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கச்சி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய உச்சியில் நரை வந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். பயமும் அப்போதுதான் பிடித்தது. கண்ணூறுப் பயமல்ல, இவளும் போகப்போகிறாளோ என்ற பயம். சுன்னாகம் வந்து இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை.

அவளுடைய வீட்டுக்குப் போகும் வழி என் முற்றத்தால்தான். அம்மா விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எங்களையும் பார்த்தார், இரண்டு சூட்கேஸையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்டாப் போனியளோ?" என்று கேட்டார். அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப கதைச்சிட்டியள்."

"என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டார். தங்கச்சிதான் அதற்கு மேல் தாங்கமாட்டாமல் சூட்கேஸை முற்றத்து மண்ணில் வைத்துவிட்டு அழுதாள்.

"அக்கா, நாங்கள் லண்டனுக்குப் போறம். விசா வந்திட்டுது. அங்கை வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற வேலை. இவரும் பிள்ளையும் என்னோடை வருகினம். இவராலையும் எவ்வளவு காலத்துக்கு ஓட்டோ ஓடேலும்? அம்மாவுக்கு நீ இருக்கிறாய்தானே எண்டு நினைச்சன்."

"நாங்கள் கொழும்புக்குப் போறம்" என்றேன். "நீ இருக்கிறாய்தானே எண்டு நானும் நினைச்சன்."

லண்டனில் வயதுபோனவர்களைப் பராமரிக்கப் போகிறாளாம். பெற்ற தாயை யார் பராமரிப்பது என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? நான் மட்டும் என்ன செய்தேன்? அவள்மேல் பாய முடியாத கோபம் எல்லாம் அம்மாவின் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கு ரெண்டும் தெரியுமோ?"

"ஓம். அவள் பொங்கலுக்கு முன்னமே சொன்னவள். நீ பேந்து சொன்னனி."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லிப்போடாதேங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனியள்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அம்மா." அம்மாவோடு நான் அப்படிக் கதைத்ததே இல்லை.

அம்மா கோபிக்கவில்லை. "சொல்லியிருந்தால் உங்களிலை ஒராள் நிண்டிருப்பியள். ஆரை நிக்கச் சொல்லுறது? அதை நான் என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுவன்?" என்றார். பிறகு, ஏதோ சந்தைக்குப் போகிற விசயம் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். "வட்டுக்கோட்டைப் பக்கம் வயசுபோன ஆக்களை வைச்சுப் பாக்கிற இடம் ஒண்டு இருக்காம். விசாரிச்சு வைச்சிருக்கிறன். அங்கை படி ஒண்டும் இல்லையாம்."

நாங்கள் இரண்டு பேரும் எங்கே போகலாம் என்று ஒரு வருசமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்தபடி அம்மாவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். படி இருக்கிறதா என்று கேட்டும் பார்த்திருக்கிறார். தங்கச்சி அம்மாவின் காலடியில் போய் இருந்து இன்னும் அழுதாள். நான் அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன். நிற்கப்போவது நான்தான் என்பது தண்ணீர் கொதிக்கும்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. சண்டை பிடிக்க எங்களிடம் தெம்பும் இல்லை. கொழும்பு எங்கும் ஓடிப்போகாது, லண்டன் விசா இன்னொருமுறை வராது என்று தங்கச்சியின் கணவர் சொன்னார். என் கணவரும் தலையாட்டினார். எல்லோரும் என்னை நல்லவள் என்றார்கள். நான் நல்லவளும் இல்லை, தியாகியும் இல்லை. எனக்குப் போகத்தான் விருப்பம். மூன்றாம் மாடியில் அந்தக் குசினி யன்னலால் கடல் ஒரு மெல்லிய கீலமாகத் தெரியும் என்று அவர் சொன்னதிலிருந்து அதுதான் என் கண்ணுக்குள் நின்றது. பாமசிக்காரர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

தங்கச்சி லண்டன் போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகிறது. அடிக்கடி போன் எடுப்பாள். தான் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிற வெள்ளைக்காரக் கிழவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். பொறுமையாகக் கேட்கும் அளவுக்கு நான் இன்னும் பெரிய மனுசியாகவில்லை.

என் கணவர் மட்டும் அந்த வேலைக்குப் போய்க் கொழும்பில் நாங்களில்லாமல் இருக்கிறார். வாடகைக்காக இன்னொருவரைக் கூடச் சேர்த்துக்கொண்டு, பருப்பும் முட்டையும் சமைத்துச் சாப்பிடுகிறார். மாதம் ஒருதடவை ரெயிலில் வருவார். வந்த அன்று முழுவதும் நித்திரை, அடுத்த நாள் திரும்பவும் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பார். எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வி ஒவ்வொருமுறையும் வரும். மகளின் சோதனை முடியட்டும் என்றேன். அது முடிந்தது. மகனுடைய பள்ளிக்கூட வருசம் முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. சொல்ல இனி ஒரு சாட்டும் மிச்சமில்லை. அம்மா இருக்குமட்டும் வரமுடியாது என்பதுதான் பதில். அதை வாயால் சொன்னால், நான் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதாகிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருக்கிறார் என்பது நினைவில் இல்லை.

"இஞ்சேரும், எனக்கு இனித் தனிய இருக்க ஏலாது. உண்மையைச் சொல்லும். எப்ப வாறியள்?" என்றார் அவர்.

நான் திருவுவதை நிறுத்தினேன். பதில் அறைக்குள்ளிருந்து வந்தது.

"கெதியிலை வந்திடுவினம் தம்பி. இன்னும் கொஞ்சக் காலம் பொறுங்கோ."